டிரக் வாங்கப் போகும் மகளுக்கு

சான் அன்டோனியோ

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய இரண்டு விண்டோ ஸ்டிக்கர் (மைலேஜ் விவரம் போட்டு வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் சீட்டு) படங்களையும் பார்த்தேன். இரண்டுமே ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய 2021 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் டிரக், நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ். ஒன்று 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட், அதாவது டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். கேலனுக்கு நகரில் 19 மைல், ஹைவேயில் 24, சராசரி 21. இன்னொன்று பவர்பூஸ்ட் ஹைப்ரிட், பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்தது. நகரில் 24, ஹைவேயில் 24, சராசரியும் 24. ஹைப்ரிட்டுக்கு டீலர் 4000 டாலர் கூடச் சொல்கிறான் என்கிறாய். "மூணு மைல் கூடக் கிடைக்குதுப்பா, எதை எடுக்கட்டும்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2.7-ஐ எடு. ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

ஸ்டிக்கரில் இருப்பது பொய்யில்லை. அது வேறு யாரோ ஓட்டும் வண்டியின் கணக்கு, அவ்வளவுதான். இந்த எண்களுக்கான இ.பி.ஏ. (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு) சோதனையை ரோட்டில் செய்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தை ஓடவிட்டுச் செய்கிறார்கள். காற்று வண்டியை எவ்வளவு பின்னுக்கு இழுக்கும் என்பதை முன்பே தனியாக அளந்து, அந்த அளவுக்கு உருளைகளில் பாரம் கொடுப்பார்கள். ஹைவே சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சமே 60தான். 2008 மாடலிலிருந்து 80 மைல் வேகம், 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஏசி, 20 டிகிரி குளிர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து எண்ணைக் குறைத்தார்கள். முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் அதில் டிரெய்லர் கிடையாது, மலை கிடையாது, உன் அவசரமும் கிடையாது.

என் வண்டியும் அதே 2.7தான், டூ வீல் டிரைவ். ஸ்டிக்கரில் ஹைவேக்கு 26 போட்டிருக்கிறது. ஐ-10இல் ஹூஸ்டனுக்கு எல்லோரோடும் சேர்ந்து 75, 78 என்று போனால் 21, 22தான் வரும். அதே வண்டியைப் பழைய யு.எஸ். 90 வழியாக, இடையில் சின்ன ஊர்களில் நின்று நின்று, 60, 65இல் ஓட்டினால் 25ஐத் தொடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65இல் இருந்து 75க்குப் போனால் பத்து மைல்தான் கூடுகிறது, ஆனால் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளும். காருக்கும் இதே விதிதான். ஆனால் ஆறடிக்கும் மேல் உயரமாக, நிமிர்ந்த மூஞ்சியோடு நிற்கிற டிரக்குக்கு அது நேராக பர்ஸில் கை வைக்கும். ஆஸ்டினிலிருந்து செகீன் வரைக்கும் எஸ்.எச். 130இல் 85 மைல் போகலாம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நாட்டிலேயே அதிகம் அதுதான். அங்கே டர்போ டிரக்கை விரட்டிக்கொண்டு போகிறவர்கள் மைலேஜைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்: ஈகோ (சிக்கனம்) வேணுமா, பூஸ்ட் (வேகம்) வேணுமா, ஒன்றைச் சொல், இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று. உண்மைதான். மெதுவாக ஓட்டினால் அது சின்ன எஞ்சின். மிதித்தால் டர்போ காற்றை அடைக்கும், காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் போகும்.

நாமக்கல் பெரிய மாமாவிடம் நீ டிரக் வாங்கப் போவதைச் சொன்னேன். என்ன கலர், என்ன விலை என்று ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு குடுக்குது?" என்றார். லிட்டர் கணக்கில் மாற்றி எட்டரை, ஒன்பது என்றேன். சும்மா போகும்போதா, லோடோடவா என்றார். ஆயுள் முழுக்க லாரி வைத்திருந்த மனுஷன். டீலர்ஷிப்பில் இத்தனை பேர் உன்னிடம் பேசியும், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை பார்.

அதுதான் சரியான கேள்வி. நீ வாங்குவதே கேம்ப்பர், அதாவது உள்ளே தங்கிச் சமைக்கிற டிரெய்லர் வீடு, இழுக்கத்தான். அந்த 22 அடி கேம்ப்பரை மாட்டியதும் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிடலாம். இந்த அளவு டிரெய்லரை ஹைவேயில் இழுக்கும் எந்த பெட்ரோல் டிரக்கும் 9, 10 மைல்தான் தரும். எதிர்காற்று அடித்தால் 8. ஹைப்ரிட்டும் இதில் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடிக்காது. நகரில் ஹைப்ரிட் ஜெயிப்பது பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் சேர்ப்பதால். சீரான வேகத்தில் மணிக்கணக்காக இழுக்கும்போது சேர்க்க என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் அது 3.5 லிட்டர் டர்போ எஞ்சின் மட்டும்தான்.

எல்லோரும் டிரெய்லரின் எடையைத்தான் பார்க்கிறார்கள். மேடு ஏறும்போது எடை வலிக்கும், சரிதான். சமதளத்தில் ஆளைத் தின்பது அதன் நெற்றி. எட்டடி அகலம், பத்தடி உயரத்துக்கு ஒரு தட்டையான சுவர். எதிர்காற்றில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடக்கிற கதைதான். குடை என்ன எடை இருக்கிறது? அதனால் மைலேஜ் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், டிரக்கை விட்டுவிட்டுக் கேம்ப்பரைப் பற்றி யோசி. கூரையை மடக்கிக்கொள்ளும் பாப்-அப் மாதிரி தாழ்வான டிரெய்லர், இந்த இரண்டு எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும். டீலரிடம் டேங்க் எத்தனை கேலன் என்றும் கேட்டுக்கொள். 23 கேலன் என்றால், டிரெய்லரோடு 200 மைலுக்கு மேல் நம்பிப் போகாதே.

அப்புறம் உங்கள் ஊர் டென்வர் விஷயம், அங்கே போடும் பெட்ரோல். டெக்சாஸில் ரெகுலர் என்றால் 87 ஆக்டேன் (எஞ்சினுக்குள் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துத் தட்டாமல் தாங்கும் அளவு). டென்வரில் பம்பில் ரெகுலர் என்று எழுதியிருப்பது 85. டர்போ இல்லாத பழைய கார்பரேட்டர் எஞ்சின்கள் மலை மேலே மெல்லிய காற்றை உள்ளே இழுத்தன; அதனால் தட்டல் குறைவு, 85 போதுமாக இருந்தது. அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. உன் எஞ்சினில் டர்போ அந்த மெல்லிய காற்றைப் பிடித்து அமுக்கித்தான் உள்ளே தள்ளுகிறது. அதனால் அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. ஃபோர்ட் கையேட்டில் குறைந்தது 87 என்றே இருக்கிறது. 85 போட்டால் தட்டல் வராமல் இருக்க கம்ப்யூட்டர் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். பலமும் குறையும், மைலேஜும் குறையும். பம்பில் 87 என்று போட்டிருக்கும் நடு பட்டனை அழுத்து. மாப்பிள்ளை காருக்குப் போடும் கையோடு இதற்கும் 85 போட்டுவிடப் போகிறார், சொல்லி வை.

உயரத்தால் ஒரு லாபமும் உண்டு. டென்வர் இருக்கும் 5280 அடியில் கடல் மட்டத்தைவிடக் காற்று 15 சதவீதம் அடர்த்தி குறைவு. வண்டி கிழித்துக்கொண்டு போக வேண்டிய காற்று குறைவு என்று அர்த்தம். ஆனால் ஐ-70இல் ஐசன்ஹவர் சுரங்கம் வரைக்கும், அதாவது 11,000 அடிக்கும் மேலே, டிரெய்லரோடு ஏறினாய் என்றால் இந்த லாபமெல்லாம் காணாமல் போகும்.

குளிர்தான் உனக்குப் பெரிய செலவு. 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் சாதாரண பெட்ரோல் வண்டியின் நகர மைலேஜ் 15 சதவீதம் விழும். மூன்று நான்கு மைல் மட்டும் ஓட்டி நிறுத்தினால் 24 சதவீதம் வரைகூடப் போகும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் கெட்டியாக இருக்கும். எஞ்சின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். உன் ஆபீஸ் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம்தானே? ஹைப்ரிட்டுக்கு இது இன்னும் மோசம். சுமார் 30 சதவீதம் குறையும் என்று அரசாங்கமே சொல்கிறது. பேட்டரி குளிரில் சுணங்கும். ஹீட்டருக்குச் சூடு வேண்டும் என்பதால் எஞ்சின் அணையவும் முடியாது. இதனால்தான் உன் டிரைவ்வேக்கு அந்த 24 வராது என்கிறேன். காலையில் வாசலில் நிறுத்தி நெடுநேரம் சூடாக்கும் வேலையும் வேண்டாம். நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்குக் கால் முதல் அரை கேலன் குடிக்கும்.

சரி, இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஸ்டிக்கரை அப்படியே நம்பினால்கூட என்ன கிடைக்கிறது? வருஷத்துக்கு 12,000 மைல் என்று வை. 21 கொடுத்தால் 571 கேலன். 24 கொடுத்தால் 500. வித்தியாசம் 71 கேலன். கேலன் 3 டாலர் என்றால் 213 டாலர். நீ கூடுதலாகக் கொடுக்கும் 4000 திரும்பி வர 18, 19 வருஷம் ஆகும். அதற்குள் அந்த பேட்டரி என்ன ஆகுமோ.

ஸ்டிக்கரில் பெரிய எண்ணுக்குக் கீழே சின்னதாக, 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். மைலேஜ் எண் கண்ணை ஏமாற்றும். 14 தரும் டிரக்கைக் கொடுத்துவிட்டு 17 தருவதை வாங்கினால், அதே 12,000 மைலில் 150 கேலன் மிச்சம். 30 தரும் காரை விட்டு 40க்குப் போனால் 100 கேலன்தான் மிச்சம். மூன்று பெரிதா, பத்து பெரிதா என்றால் யாரும் பத்து என்றுதான் சொல்வோம். கேலனாகப் பார்த்தால் மூன்றுதான் ஜெயிக்கிறது.

ஹைப்ரிட்டைக் குறை சொல்லிக்கொண்டே போவதும் நியாயமில்லை. அதில் 2.4 கிலோவாட் இன்வெர்ட்டர் கூடவே வருகிறது, சிலவற்றில் 7.2. காட்டுக்குள் கேம்ப்பரை நிறுத்தி, சத்தமான ஜெனரேட்டர் இல்லாமல் ஏசி ஓட்டலாம். வீட்டில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜையும் ஓட்டலாம். 2021 பிப்ரவரியில் இங்கே பனியில் கரண்ட் போய் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், எனக்கே ஒரு சபலம் வருகிறது. அதற்காக வாங்குவதாக இருந்தால் வாங்கு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மைலேஜுக்காக வேண்டாம்.

2.7 வண்டியின் படத்தில் இன்னொன்று கவனித்தேன். முதல் ஓனர் பெரிய ஆல்-டெரெய்ன் (கரடுமுரடான பாதைக்கான) டயர் போட்டிருக்கிறார் போலிருக்கிறது. பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படித்து அனுப்பு. 32 அங்குலம் இருந்த இடத்தில் 35 போட்டு, கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஓடோமீட்டர் 9 சதவீதம் குறைத்துக் காட்டும். டீலர் 50,000 மைல் என்பது உண்மையில் 54,000க்கும் மேல். அந்தக் கனமான டயர்கள் மைலேஜையும் தின்னும். சாதாரண டயர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார். பேரத்தில் அது நடக்கும்.

வாங்கிய பிறகு டாஷ்போர்டு காட்டுவதை நம்பாதே. என்னுடையது எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறது. டேங்க் நிரப்பு, முதல் க்ளிக்கில் நிறுத்து, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கு. அடுத்த முறை அதே பம்பில் முதல் க்ளிக் வரை நிரப்பி, ஓடிய மைலைப் போட்ட கேலனால் வகு. நாலைந்து டேங்க் பார்த்த பிறகு வரும் எண்தான் உன் வண்டியின் எண்.

கையெழுத்துப் போடும் முன் டிரைவர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரையும் படம் எடுத்து அனுப்பு. நீங்கள், நாய், சாமான், கேம்ப்பரின் முன்கொக்கி அழுத்தும் எடை எல்லாம் சேர்ந்து அதில் போட்டிருக்கும் பவுண்டுக்குள் அடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அந்தக் கணக்கைச் சேர்ந்து போடலாம். கேம்ப்பரில் இட்லிக் குக்கர் வைக்க அடுப்பு இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா