கட்டைவிரலுக்கு முன் கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டு மசாஜ் 'லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும்' என்று உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். அப்படியில்லை. ஓடும்போது தசையில் சேரும் அந்த அமிலத்தை, ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே சரிசெய்துவிடும். மறுநாள் வலி அந்த அமிலத்தால் அல்ல, தசையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. பள்ளியில் கபடி சொல்லிக்கொடுத்த காலத்தில் நானும் பையன்களிடம் இந்த லாக்டிக் அமிலக் கதையைத்தான் சொன்னேன்!

கெண்டைக்கால் பிடிப்புக்காகப் போன மாதம் ஒரு சிகிச்சையாளரிடம் போனேன். கால்மணி நேரம் காலில் கையே வைக்கவில்லை. பழைய காயம் உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரே கேள்விகள். நடக்கச் சொன்னார், குதிகாலைத் தூக்கச் சொன்னார். அப்புறம்தான் கட்டைவிரல் இறங்கியது. 'மூச்சை அடக்கும் அளவு வலித்தால் உடனே சொல்லுங்கள்' என்றார். இரண்டு முறை சொன்னேன். மறுநாள் மாடிப்படி இறங்கத் திணறினேன். அதற்கடுத்த நாள் சரியாகிவிட்டது.

ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சிவப்பும் இருந்தால் மசாஜ் பக்கமே போகாதீர்கள். அது நாளத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அழுத்தினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நேராக மருத்துவரிடம் போங்கள். உங்கள் குறிப்பில் இது விடுபட்டுவிட்டது.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்