துருப்பிடித்த கம்ப்ரஸர் டேங்குக்கு ஒட்டுப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் நின்றிருந்தபோது, பஞ்சர் கடைக்காரர் ஒருவர் தன் கம்ப்ரஸர் டேங்கைக் கொண்டுவந்து இறக்கினார். அடியில் ஊசித்துளை. பட்டறைத் தம்பி துருவைச் சுரண்டி, சின்னத் தகடு ஒன்றை வைத்துப் பத்தே நிமிடத்தில் வெல்டிங் செய்து ஒட்டிவிட்டார். அப்புறம் முழுக் காற்றையும் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குனிந்து குமிழி வருகிறதா என்று பார்த்தார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. சொல்லிப் பார்த்தேன். “பத்து வருஷமா இப்படித்தான் சார் பண்றோம்” என்றார்.

முப்பது வருடம் பாய்லர் வெல்டிங் வேலை பார்த்தவன் நான். அந்தத் துளை தனியாக வந்த நோய் இல்லை. காற்றில் உள்ள ஈரம் டேங்குக்குள் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்குகிறது. உள்ளிருந்தே துரு தின்கிறது. துளை விழுந்த இடம் முதலில் தீர்ந்த இடம், அவ்வளவுதான். சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும். அதன்மேல் ஒட்டினால், ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் தொடங்கும். காற்றழுத்தம் 150 பவுண்டு (ஒரு சதுர அங்குலத்துக்கு) என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடித்தகட்டை அது 12 டன்னுக்கு மேல் தள்ளுகிறது.

சோதிப்பதானால் தண்ணீரால் சோதிக்க வேண்டும். டேங்கில் காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால், ஓட்டும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அமுங்காது, டேங்க் கிழிந்தாலும் பீய்ச்சி அடித்து அடங்கிவிடும். அமுங்கிய காற்று அப்படியில்லை, மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறும்.

“இரும்பு இரும்புதானே” என்று பழைய ஆக்சிஜன் சிலிண்டரை வெட்டி டேங்க் செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உருக்கு வேறு ஜாதி. வெல்டிங் சூட்டில் தையலுக்கு, அதாவது உருக்கி இணைத்த கோட்டுக்கு, பக்கத்துப் பகுதி கண்ணாடிபோல் உடையும் தன்மைக்கு மாறிவிடும். அழுத்தக் கலனுக்கென்றே ஐ.எஸ். 2002 என்ற இந்தியத் தர எண்ணில் பாய்லர் தகடு இருக்கிறது. கலனைச் செய்யும் முறைக்கு ஐ.எஸ். 2825 இருக்கிறது. கனமான தகடு என்றால் 7018 வகை வெல்டிங் ராடுதான் சரி. அதையும் அடுப்பில் காயவைத்தே எடுக்க வேண்டும். ஈர ராடில் போட்ட தையல் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும், வாடிக்கையாளர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு விரியும். காற்று லைனுக்குப் பி.வி.சி. குழாயும் வேண்டவே வேண்டாம். வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும்.

தொழிற்சாலை என்றால் இந்த டேங்குகளைக் குறித்த காலத்தில் சோதித்தாக வேண்டும். இரண்டு பேர் உழைக்கும் பஞ்சர் கடைக்கு யார் வருகிறார்கள்? அந்தந்த ஊர் ஐ.டி.ஐ.களில் மாதம் ஒரு நாள், குறைந்த கட்டணத்தில் தண்ணீர்ச் சோதனை செய்து தர அரசு ஏற்பாடு செய்யலாம். அதுவரை கடைக்காரர்கள் தினமும் இரவு அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த டேங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வெல்டர்,
துவாக்குடி, திருச்சி.