செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்கு, குப்பை வண்டி குறித்த புகார்கள் உடனுக்குடன் அனுப்பப்பட்டன.

தெருவோர மரங்களைச் சுற்றிப் பூசிய சிமெண்டை அகற்றும் மரப் பணிக்கு நம் குடியிருப்போர் சங்கப் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வேளச்சேரியை ஏரியும் வயலுமாகப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது அந்த எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர்தான். கோரையும் நாணலும் இருந்த இடமெல்லாம் வீடாகிவிட்டது. நமக்கு மிஞ்சியவை தெருவோர மரங்கள். அவற்றுக்கும் அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டோம். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் தெருக்களில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வேம்பும் புங்கனும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. ஆனால் வேர் பரவ இடமில்லை என்றால் எந்த மரமும் நிற்காது. இந்த ஆண்டு வடிகால் பள்ளம் தோண்டிய ஒப்பந்ததாரர், நாம் எழுத்துமூலம் கேட்டுக்கொண்ட பிறகும், சாலைப் பக்கத்து வேர்களை இயந்திரத்தாலேயே அறுத்தெறிந்தார். மறுபக்கம் மதில் சுவர். அந்த மரங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்டை அகற்ற உத்தரவிட்டது. அதே அளவை வைத்துக்கொண்டு, அனுமதி பெற்று, நாமும் வேலையைத் தொடங்கினோம். இரண்டாவது குறுக்குத் தெருப் புங்கன் சிமெண்ட் விளிம்பைத் தன் பட்டைக்குள்ளேயே விழுங்கியிருந்தது. உளியால் சிறிது சிறிதாகத்தான் எடுக்க முடிந்தது. அடியில் மண் சாம்பல்போல் உலர்ந்து கிடந்தது. ஐப்பசி மழை முதல்முறையாக அங்கே தேங்காமல் இறங்கியது. பங்குனியில் உச்சிக்கிளை வரை தளிர் விட்டது. அவநம்பிக்கை உள்ளவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டுகிறேன்.

இந்த வேலைக்கு ஞாயிறுதோறும் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. வாசல் மரத்தால் கார் நிறுத்த முடியவில்லை என்று சொல்ல மட்டும் பலர் வந்தார்கள். கிளை வெட்டுவதற்கும் அனுமதி தேவை என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்போரில் சிலர் மூன்றாண்டுகளாகத் தரவில்லை. பெயர்களைப் பலகையில் எழுத வேண்டாம் என்று நானே தடுத்திருக்கிறேன்.

வரவு செலவு பெரும்பாலும் சமநிலையில் உள்ளது. மரப் பணிக்கு ஆன கூடுதல் செலவை நன்கொடைகள் ஓரளவு ஈடுகட்டின. விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், கூட்டத்துக்கு இடம் தந்த திருமண மண்டபத்தார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஆனால் நட்டிருக்கும் பூவரசு, மருதக் கன்றுகள் தேர்தல் முடியும்வரை காத்திருக்காது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றத் தெருவுக்கு இருவர் வேண்டும். பெயர் எழுதுவதற்கான தாள், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்