பிரிண்டிசி வழியாக

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி தொலைபேசியில் சொன்னார். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இந்தக் கடிதத்தை நீயே படிக்க முயலாமல் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல். சற்று நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

ரோமில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. சென்ற சனி, ஞாயிறு இரண்டு நாளும் இத்தாலியின் தென்கிழக்கிலுள்ள துறைமுக ஊரான பிரிண்டிசிக்குப் போய்வரலாம் என்று நான் சொன்னதும், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை வியந்தார். அவர் கேட்டதில் தவறில்லை. விமானத்திலோ கப்பலிலோ வந்து இறங்குகிறவர்கள் அந்த ஊரில் நிற்காமல் நேரே பக்கத்து நகரமான லெச்சேவுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் விக்டோரியா அரசியின் தலை ஒட்டிய உன் பழைய உறையில் மையால் எழுதியிருக்கும் ‘வயா பிரிண்டிசி’, அதாவது ‘பிரிண்டிசி வழியாக’, என்ற இரண்டு சொற்களை, எத்தனை மாலைகளில் நாம் விளக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதல்லவா?

ரயில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நிலையத்திலிருந்து நேராக ஒரே தெருவில் இறங்கினால் துறைமுகம் வந்துவிடுகிறது. கடல் ஊருக்குள் புகுந்து இரண்டு கிளையாகப் பிரிந்து கிடக்கிறது. மான் தலையும் கொம்புகளும் போன்ற அந்த வடிவத்தால்தான், மானைக் குறிக்கும், இப்பகுதியின் பழைய மொழியான மெசாப்பியச் சொல்லிலிருந்து ஊருக்குப் பெயர் வந்ததாம். அழகான ஊர் என்று மனமறிந்து சொல்ல மாட்டேன். நடுவிலே பழைய கல் கட்டடங்கள், சுற்றிலும் சாயம் வெளுத்த அடுக்குமாடிகள். கரையிலிருந்து ஏறும் படிக்கட்டின் உச்சியில் ஏறக்குறைய 19 மீட்டர் உயரத்தில் ஒரு ரோமானியத் தூண் நிற்கிறது. அதன் ஜோடித் தூண் 1528இல் சரிந்து விழ, அதன் துண்டுகளும் பின்னர் லெச்சேவுக்கே போய்விட்டன! ரோமிலிருந்து வரும் பழைய ரோமானியச் சாலையான அப்பியன் சாலை முடியும் இடத்தைக் குறிப்பவை அந்தத் தூண்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பழைய ரோமின் பெருங்கவிஞர் வெர்ஜில் கி.மு. 19இல் இறந்ததும் இந்த ஊரில்தான். அவர்கூட இங்கே வாழ வந்தவரல்லர், கிரேக்கத்திலிருந்து திரும்பும் வழியில் நோயுற்று இறங்கியவர்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது கப்பல்துறை ஓரத்தில்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு–பிரஷ்யப் போரால் பிரான்ஸ் வழியாக அதன் துறைமுகமான மார்செய்க்குப் போகும் தபால் தடைப்பட்டது. இந்தியத் தபால் பிரிண்டிசிக்கு மாறியது. லண்டனில் கட்டிய பைகள் ஐரோப்பாவை ரயிலிலே கடந்து இந்தக் கரையில் இறங்கி, பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கப்பலில் ஏறின. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து முழுக்கக் கடலிலேயே போகும் தபாலுக்குக் கட்டணம் குறைவு, நாளோ அதிகம்; அவசரக்காரர்கள் கூடுதல் காசுக்கு வில்லை ஒட்டி, உறையின் மேல் இந்த ஊர்ப் பெயரை எழுதினார்கள். 1914 வரை இது நடந்தது. யோசித்துப் பார்: லட்சக்கணக்கான உறைகளில் பெயர் எழுதப்பட்ட ஊர், ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்த ஊருக்கு வந்த கடிதமன்று. ஓடுகிற ஆர்.எம்.எஸ். (ரயில் தபால் சேவை) பெட்டியில் ஒரு காலை உதைத்து நின்றுகொண்டு, விடிய விடிய அடுத்தவர் கடிதங்களை அறை அறையாகப் போட்ட நமக்கு இந்த ஊரைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. காந்தியும் வட்டமேசை மாநாடு முடிந்து 1931 டிசம்பரில் இங்கிருந்துதான் கப்பலேறினார்.

இப்போது அந்தத் துறைமுகத்திலிருந்து அல்பேனியாவுக்கும் கிரேக்கத்துக்கும் பயணிகள் கப்பல்கள் போகின்றன. அல்பேனியா என்றதும் விடுதி நடத்தும் அம்மாள் சொன்னது நினைவுக்கு வருகிறது, மகள்தான் மொழிபெயர்த்தாள். 1991 மார்ச் 7ஆம் தேதி, அந்த நாட்டிலிருந்து 25,000 பேருக்கு மேல் கிடைத்த கப்பல்களிலெல்லாம் தொற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கிவிட்டார்கள். ஊரின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துக்குக் குறைவு. அரசாங்கம் விழித்துக்கொள்வதற்குள் ஊரார் பள்ளிகளையும் தேவாலயங்களையும் திறந்துவிட்டு, வீட்டுக்கும் அழைத்துப் போயிருக்கிறார்கள். அம்மாளுக்கு அப்போது பதினைந்து வயது. கதவருகே நனைந்து நின்ற ஒரு பையனுக்கு அம்மாளின் தாய் தன் கணவரின் கால்சட்டையைக் கொடுக்க, அவன் இரண்டு கையாலும் இடுப்பில் பிடித்துக்கொண்டே நின்று சாப்பிட்டானாம். கயிறு தேடிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று அம்மாள் இன்றும் வருந்துகிறார்.

சாப்பாட்டில் ஒரு கூத்து நடந்தது. ஃப்ரீசா என்று ஒரு வளைய ரொட்டி, இரண்டு முறை சுட்டுக் கல்லாக இறுகியது. கூடவே ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தார்கள். கை கழுவத்தான் தருகிறார்கள் என்று நான் விரல்களை விட்டு அலம்பிவிட்டேன். ரொட்டியை நனைத்துத் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிடுவதற்கான தண்ணீராம் அது! பரிமாறிய பெண் ஒன்றும் சொல்லாமல் வேறு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். மகள் ரோம் வரும்வரை சிரித்தாள்.

ஞாயிறு என்பதால் தபால் நிலையம் பூட்டியிருந்தது. உனக்காக வாங்கிய துறைமுகப் படஅட்டையை ரோமில் வந்துதான் பெட்டியில் போட்டேன். ‘பிரிண்டிசி வழியாக’ என்று தமிழில் மேலே எழுதியிருக்கிறேன். தபால் பிரிக்கும் சார்ட்டர் யாராவது குழம்பினால் குழம்பட்டும். பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கப்பலிலேயே தபால் பிரித்த கடல் அஞ்சலகத்தின் முத்திரை உன் உறையின் பின்பக்கம் இருக்க வேண்டும். மூலையில் மங்கலாகத் தெரியும் அந்த அரைவட்டம் அதுதானோ என்று இங்கே வந்த பிறகு தோன்றுகிறது. டாக்டர் அனுமதித்த பிறகு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து எழுது.

உன்
ராமசாமி