கைக்குழந்தைகளும் கற்பித்தல் காணொளிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு உதவும் என்று விளம்பரப்படுத்தப்படும் காணொளிகள், குழந்தைகள் உண்மையில் கற்கும் விதத்தோடு பொருந்துவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் எப்போதோ பொய்யாகிவிட்டது. கருவிலிருக்கும்போதே செவி செயல்படத் தொடங்கிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், தாயின் குரலைக் கேட்பதற்காக ரப்பர் காம்பைச் சப்பும் தாளத்தையே மாற்றிக்கொண்டன. பார்வைதான் மெதுவாகத் தெளிகிறது. முதல் வாரங்களில் 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பவையே ஓரளவு துலங்கும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரமும் ஏறத்தாழ அதுவே.

மொழியைப் பொறுத்தவரை கிடைத்துள்ள சான்றுகள் இன்னும் வியப்பானவை. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள், இந்தி மொழியின் 'ட', 'த' ஒலிகளை 6 முதல் 8 மாத வயதில் பிரித்தறிந்தன என்றும், ஓராண்டு நெருங்குகையில் அத்திறனைப் பெரும்பாலும் இழந்தன என்றும் வெர்க்கரும் டீஸும் 1984இல் காட்டினர். தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கேற்பச் செவி கூர்மையடைவதால் நேரும் மாற்றம் இது. பின்னர் 2003இல் பட்ரீசியா குல் குழுவினர், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் அமர்ந்து பேசி விளையாடியவர்களிடமிருந்து அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ பெற்றவை கற்கவில்லை.

முன்பே பதிவுசெய்யப்பட்ட காணொளி, குழந்தையின் கண் போகும் திசையைக் கவனிப்பதில்லை. அதன் மழலைக்கு மறுமொழி சொல்வதும் இல்லை. காணொளி அழைப்பில் எதிர்முனையில் இருப்பவர் பதில் தருகிறார் என்பதால், ஒன்றரை வயதுக்கு உட்பட்டோர்க்குத் திரை வேண்டாம் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. முதல் ஓராண்டில் திரை நேரமே கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

வேலைப் பளுவுக்கு நடுவே சிறிது நேரம் திரையைக் காட்டிச் சமாளிக்கும் பெற்றோரை நான் குறை கூறவில்லை. அவர்களுடைய அக்கறையையே முதலாக்கி, வெறும் பொழுதுபோக்கைக் கல்வி என்று விற்பதுதான் ஏற்கத்தக்கதன்று. இத்தகைய விளம்பரங்களை வெளியிடுமுன் தங்கள் நாளிதழ் விளம்பரதாரரிடம் ஆதாரம் கேட்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்