பாம்புக்கு உயிருள்ள எலி விற்கும் கொங்கு வட்டாரக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர் பக்கம் மீன்தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கும் கடைகளை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், வணக்கமுங்க.

நான் ஈரோட்டில் பால் பைத்தான் (Ball Python) என்ற விஷமில்லாத பாம்பை வளர்ப்பவன். என்னைப் போல பால் பைத்தானோ, கார்ன் ஸ்நேக் (Corn Snake) என்ற இன்னொரு விஷமில்லாத பாம்போ வளர்ப்பவர்கள் உங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளை எலிக்காகத்தான். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. கடையில் ஒரு சின்ன ஃப்ரீசர் வைத்து, உறைய வைத்த எலியை ஒன்று, இரண்டு எனச் சில்லறையில் கொடுங்கள். உயிருள்ள எலியைப் பாம்புத் தீனியாக விற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள்.

"உசுரோட போட்டாத்தானுங்க பாம்பு புடிக்கும்" என்று கடையில் சொல்லி அனுப்புகிறீர்கள். புதிதாக வளர்க்க வரும் பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு எலியை வாங்கிப் போய், பாம்புப் பெட்டிக்குள் விட்டு மூடிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிக்காமல் அதனால் இருக்கவே முடியாது. பாம்புக்கோ எல்லா நாளும் பசி எடுப்பதில்லை. தோலுரிக்கப் போகிற சமயத்தில் கண் மங்கிப்போய்ச் சும்மா கிடக்கும். பெட்டியில் சூடு குறைந்தால் அசையவே யோசிக்கும். பால் பைத்தான் ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடியது. அதைவிட முக்கியம், பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். அதன் ஊரான ஆப்பிரிக்காவில் எதிரியிடமிருந்து தப்பிக்க அது கற்ற வழி அது. பூட்டிய பெட்டிக்குள் பசித்த எலியோடு கிடக்கும்போது அதே வழி அதற்கு எமனாகிறது. முதுகு முழுக்க வெளியே இருக்கிறது. எலி சாவகாசமாகக் கடிக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் தம்பி ஒருவர், நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் எலியை விட்டுவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால் பாம்பின் முதுகில் சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. எலி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நம் பக்கம் அபூர்வம். அந்தத் தம்பி அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பாம்பு பிழைத்தது, ஆனால் புண் ஆற மாதங்கள் ஆயின. அந்த இடத்தில் செதில் இன்றுவரை ஒழுங்காக வளரவில்லை. எலி வாங்கிய கடையில் "ராத்திரி விட்டுடு, அதுவே சாப்பிட்டுக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், அந்த எலியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பாம்பு சரியாகப் பிடித்தால் நொடிகளில் முடிந்துவிடும் என்பது உண்மை. சரியாகப் பிடிக்காத நாட்களும் உண்டு. ஓடி ஒளிய இடமில்லாத ஒரு பெட்டியில், மணிக்கணக்கில், தன்னைத் தின்னப்போகிற ஒன்றோடு அது அடைந்து கிடக்கிறது. இதைச் செல்போனில் படம் பிடித்து ரீல்ஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், வேடிக்கைக்காகவே ஒரு விலங்கை அடைத்துவைத்து இன்னொரு விலங்குக்கு இரையாக்குவது குற்றம் என்று இருக்கிறது. எலி வாங்குகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

செத்த எலியைப் பாம்பு தொடுமா என்று கேட்பீர்கள். தொடும். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. அவற்றால் அது உடல் சூட்டை உணர்கிறது. வாசனையை நாக்கால் எடுத்து மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் அறிகிறது. எனவே அதற்கு வேண்டியது சூடும் வாசனையும் கொஞ்சம் அசைவும். எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தோ, சிறு எலியென்றால் கொடுக்கும் அன்றே கவரோடு குளிர்ந்த நீரில் போட்டோ முழுதாக இளக விட வேண்டும். கொடுக்கும் முன் கை பொறுக்கும் வெந்நீரில், சுமார் 40 டிகிரியில், கவரோடு போட்டுச் சூடேற்றினால் போதும். தலைப்பக்கம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பது நல்லது. நீளமான இடுக்கியில் பிடித்து, விளக்கைக் குறைத்து, மெல்ல ஆட்டிக் காட்டினால் பெரும்பாலான பாம்புகள் பிடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெளியே வெந்து உள்ளே ஐஸாக இருக்கும். இளகினதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது. கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை, ஆனாலும் அது இவ்வளவு அடம் பிடிப்பதில்லை.

அடம் பிடிக்கும் பாம்புகளும் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். முட்டையிலிருந்து வந்த சில குட்டிகள் முதல் சில வேளைக்கு உயிருள்ளதைத்தான் எடுக்கும். அவற்றுக்குப் பிங்கி எனப்படும், கண் திறக்காத, முடி முளைக்காத எலிக்குட்டி போதும். அதற்குக் கடிக்கப் பல் இல்லை. அப்போதும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த விலக்கைக் காட்டி எல்லாருக்கும் பெரிய எலியை உயிரோடு கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதையெல்லாம் வளர்ப்பவர்களிடம் சொன்னாலே போதாதா, கடைக்கு எதற்கு மடல் என்று தோன்றலாம். நம் ஊர் வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ பாட்டியோ சுத்த சைவம். முட்டையே வைக்க விடாத ஃப்ரிட்ஜில் எலியை எப்படி வைப்பது? அசைவம் சாப்பிடும் வீட்டிலும் எலி என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. வெளியூரிலிருந்து மொத்தமாக வரவழைக்கலாம் என்றால் வைக்க இடமில்லை. கடைசியில் கடையில் கிடைக்கும் உயிருள்ள எலியே ஒரே வழியாகிவிடுகிறது. தீனி போடுகிற அன்று ஒன்றை மட்டும் உறைந்தபடி வாங்கி, ஒரு பழைய பக்கெட்டில் இளக வைத்துக் கொடுக்க முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதை உங்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

கடையில் எலி கிடைக்காத ஊர்களில் கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் பிடித்த எலியைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எலி நேற்று சிங்க் பாஸ்பைடோ புரோமாடியோலோனோ தின்றிருக்கலாம். விஷம் எலியின் உடம்பு வழியாகப் பாம்புக்குப் போகும். பிடிக்கிற ஆளுக்கு எலிக்காய்ச்சல் வேறு.

சரி, ஃப்ரீசர் வைத்தால் கவனிக்க வேண்டியவை. உயிருள்ள எலியை அப்படியே ஃப்ரீசரில் போட்டு மூடிவிடக் கூடாது. அது நீங்கள் நிறுத்தப் பார்க்கும் கொடுமையைவிடப் பெரிய கொடுமை. தண்ணீரில் முக்குவதும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடை மெதுவாக நிரப்பும் முறை இருக்கிறது. பிங்கிகளுக்கு அதில் மிக அதிக நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு கவரிலும் எடையும் உறைய வைத்த தேதியும் எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரியில் வைத்து, ஆறு மாதத்துக்குள் விற்றுவிடுவது நல்லது. மாதா மாதம் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் பகலைப் பற்றிப் பயம் வேண்டாம். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் ஒரு முழு நாளுக்கு மேலேயே உறைந்து நிற்கும். உறைய வைத்தாலும் சால்மோனெல்லா கிருமி சாகாது. அதனால் சமையல் பாத்திரம் தொடாமல் இருக்கவும், சோப்புப் போட்டுக் கை கழுவவும் வாங்குகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கேட்டு வாங்க ஆள் இல்லை என்பீர்கள். ஈரோட்டிலும் பெருந்துறையிலும் பாம்பு வளர்க்கும் எங்கள் நண்பர்கள், எந்தக் கடை முதலில் ஃப்ரீசர் வைக்கிறதோ அங்கே முன்பணம் கட்டி வாங்கத் தயாராக இருக்கிறோம். பாம்பின் உடம்பு எங்கே அதிகப் பருமனோ அந்த அளவுக்குள் எலி இருக்க வேண்டும் என்பதால், எங்களுக்குத் தேவை பிங்கி, வளர்ந்த சுண்டெலி, நடுத்தர வெள்ளை எலி ஆகிய மூன்று அளவுகள் மட்டுமே. குட்டிகளுக்கு வாரம் ஒன்று, வளர்ந்தவைக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒவ்வொரு மாதமும் எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவோம். எந்தக் கிழமை சரக்கு வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து ஒரு பால் பைத்தான் வளர்ப்பாளர்