நடைப் பயிற்சிக் கருவிக்கு இன்னும் ரூ.1,65,000 வேண்டும்

கற்பக விநாயகர் துணை

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து மீண்டவர்களின் நடைப் பயிற்சிக்கான டிரெட்மில்லுக்குக் கிடைத்த விலைப்புள்ளி ஐப்பசி 15 வரைதான் செல்லும். அதன் பிறகு விலை கூடும் என்று சொல்லிவிட்டார்கள்.

நம் முன்னோர் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன காலத்திலேயே மகமையை, அதாவது அறத்துக்கென ஒதுக்கும் பங்கை, எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கணக்கில் எழுதினார்கள். கோயிலும் ஊருணியும் பள்ளிக்கூடமும் அப்படி வந்தவை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தார் வள்ளல் அழகப்பர். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த மண் இது.

இப்போது பயிற்சி ஒரு பழைய வீட்டின் வளவில், முற்றத்தைச் சுற்றிய தூண் வரிசையில், நடக்கிறது. போன வாரம் ஓர் ஐயா தூணுக்குத் தூண் கை மாற்றிப் பிடித்து நடந்தார். இடது கால் விரல்கள் ஆத்தங்குடித் தரைக் கல்லை உரசிக்கொண்டே வந்தன. ஆறாவது தூணில் நின்றுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் தம்பி பின்னாலிருந்து அவர் இடுப்பைத் தாங்கியிருந்தார். அவர் சாய்ந்தால் இருவரும் விழ வேண்டியதுதான். கருவி வந்தால், மேலிருந்து தொங்கும் பட்டை உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். தம்பியின் கைகள் அந்தக் காலைச் சரியாக ஊன்றவைக்க உதவும். கால் தேறத் தேறப் பட்டையைத் தளர்த்துவார்கள்.

உடற்பயிற்சிக் கூடத்துக் கருவி போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. மிக மெதுவாகத் தொடங்கவும், நூல் பிடித்தாற்போல் வேகம் கூட்டவும், இருபுறமும் நீண்ட கைப்பிடி இருக்கவும் வேண்டும். உள்ளதையும் சொல்லிவிடுகிறோம்: படுத்திருப்பவரை இது மட்டும் எழுப்பிவிடாது. ஓரளவு நடக்கத் தொடங்கியவருக்குத்தான் நடை வேகமும் நெடுந்தூரம் நடக்கும் தெம்பும் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சந்தைக்கும் சன்னதிக்கும் தானே போய்வர ஏங்குபவருக்கு அது சின்ன வரமா?

டிரெட்மில் ரூ.2,60,000. பட்டையும் இரும்புச் சட்டமும் ரூ.1,40,000. மின் இணைப்பு, தளவேலை ரூ.80,000. ஆக ரூ.4,80,000. வந்தது ரூ.3,15,000.

காது வளையத்தை விற்று முதல் தொகை கொடுத்து, பெயர் போடக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்ட ஆச்சியை எப்படி மறப்போம்? பினாங்கிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் அண்ணன், அறையை வாடகையின்றி விட்ட குடும்பம், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், தேங்காய் விற்ற பணத்தில் பாதியைத் தந்த தோட்டக்காரர், எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

ஏட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் 11 பேர். யார் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். திருவிழா வாணவேடிக்கைக்குக் கேட்குமுன் கொடுத்த கைகள்தாமே அவை!

பணத்தைப் பயிற்சி அறையில் செயலாளரிடம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாலை 6 மணி வரை அவர் இருப்பார்.

இங்ஙனம்,
நடைப் பயிற்சி அறைக் குழுவினர்